செசிலியைத் தொடாத ஊர்

வலம்புரித்துறையில் ஒரு வீட்டோடு மட்டும் ஊர் பேச்சை நிறுத்தியிருந்த காலத்தில், கடலுக்கு அப்பால், அதற்கும் அப்பால், உலகமே பேச்சை நிறுத்தியிருந்த ஒரு நாட்டிலிருந்து கிளம்பிய ஏவுகணை ஒன்று, எல்லா நாட்டுத் திரைகளிலிருந்தும் காணாமல் போய், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்கு நேர் மேலே, இரண்டு பனை உயரத்தில், மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு வந்து நின்றது. விழவில்லை, வெடிக்கவில்லை, நின்றது, அவ்வளவுதான். அப்போது கரையில் சாளை ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், கையை நெற்றியில் வைத்து இன்னொரு முறை பார்த்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து விலையைக் கூவத் தொடங்கினார். மீன் வெயிலில் கிடக்கும்போது வேறு எதையும் நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

அந்த வீடு மெல்கியோரின் வீடு. மெல்கியோர் நல்ல கடலாளி, பொல்லாத கோபக்காரன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது அந்தக் கரையின் சட்டம். ஒரு ஞாயிறு காலையில் கரைக்குப் பக்கத்திலேயே நெத்திலி கறுத்துத் திரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, பூசை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வள்ளத்தைத் தள்ளிவிட்டான். அது ஒன்றும் ஊர் கண்டிராத தப்பில்லை. தப்புச் செய்தவன் தன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, கடற்கரையில் சிலுவை நிற்கிற குருசடி முன்னால் முழங்கால் போட்டு, "ஊர் பொறுக்கணும்" என்று சொல்ல வேண்டும். நிற்கிறவர்கள் எல்லோரும் "பொறுத்தோம்" என்று சொல்வார்கள். அதோடு முடிந்தது, அன்று சாயங்காலமே அவனைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுப்பார்கள். மெல்கியோர் முழங்கால் போட மாட்டேன் என்றான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஊர்க் கமிட்டியின் மேல் போலீசில் போய் எழுதிக் கொடுத்தான். ஊர் விவகாரத்தைக் காக்கிச் சட்டையிடம் கொண்டுபோனவனோடு பேச என்ன இருக்கிறது என்று ஊர் வாயை மூடிக்கொண்டது.

வாயை மூடுவது என்றால் சும்மா இல்லை. அவன் வள்ளத்துக்கு ஐஸ் இல்லை, டீசல் இல்லை, கூடப் போக ஆள் இல்லை. அவன் மீனை ஏலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அவன் பொண்டாட்டி பிரகாசி கடைக்குப் போனால் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர்களுடைய ஒரே மகள் செசிலி பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் எழுந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செசிலி சில நாள் தானும் தரைக்கு இறங்கிப் பார்த்தாள், அவர்கள் பெஞ்சுக்கு ஏறிக்கொண்டார்கள். பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. முழங்கால் போடாதது மெல்கியோர். தண்டனை முழுதாகப் போய் விழுந்தது எட்டு வயதுப் பிள்ளை மேல். ஊர்விலக்கு எப்போதும் அப்படித்தான், குறி வைக்கப்பட்ட ஆளைத் தவிர மற்ற எல்லோரையும் அடிக்கும்.

இதில் இன்னொரு கொடுமை, பிரகாசியின் கூடப்பிறந்த அக்கா சலேத்து அடுத்த வீட்டில்தான் இருந்தாள், நடுவில் ஒற்றைச் சுவர். சலேத்துவின் புருஷன் தொபியாஸ்தான் ஊர்த்தலைவர். தலைவர் வீட்டுப் பொம்பளையே பேசினால் அப்புறம் ஊர் எதற்கு? அதனால் சலேத்து தன் கோழியிடம் பேசினாள். கோழியோடு பேசக் கூடாது என்று கமிட்டி எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. "ஏ கோழி, பிள்ளைக்கு இருமல்னா கற்பூரவல்லி இலைய வதக்கிக் குடுக்கணும், இது கூடத் தெரியாமத்தான் வளந்தியாட்டி நீ" என்று சுவருக்கு இந்தப் பக்கம் சத்தமாகத் திட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி முருங்கை மரத்துக் காக்காயைப் பார்த்து, "ஏ காக்கா, குடுத்தாச்சு, இப்பக் கொஞ்சம் தேவல" என்பாள். அக்கா தங்கை இரண்டு பேரும் சுவரின் இரண்டு பக்கத்திலும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கோழி தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

இந்த நிலைமையில்தான் மேலே அது வந்து நின்றது.

டிவியில் சொன்னார்கள்: அந்த நாட்டுக்குள் யாரும் போக முடியாது, அங்கிருந்து யாரும் வர முடியாது, யாரும் அதனோடு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை, சோறு இருக்கிறதோ இல்லையோ அணுகுண்டு இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்ட அந்த நாட்டுக்கு ஊர் சாத்துன நாடு என்று பேர் வைத்தது. பெரிய பெரிய ஆட்கள் டிவியில் உட்கார்ந்து விளக்கிய விஷயம் வலம்புரித்துறைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "வேற ஒண்ணுமில்ல, உலகம் பூரா சேந்து அவனுக்கு ஊர்விலக்கு வச்சிருக்கு" என்றார் தொபியாஸ். "அப்ப அது சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான்.

பழகிப்போக ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. காலையில் அதன் நிழல் மாதா கோயில் பக்கம் விழும், மத்தியானம் மெல்கியோரின் ஓட்டுக்கூரையில் விழும், சாயங்காலம் நிழல் ஐஸ் கம்பெனிச் சுவரைத் தொட்டால் பெண்கள் கருவாட்டை அள்ளினார்கள். உப்புக்காற்றில் அது ஒரு வாரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பித்தது. "நம்ம காத்துக்கு எதுதான் நிக்கும்" என்று கொல்லர் பெருமைப்பட்டுக்கொண்டார். பஸ் கண்டக்டர், "ராக்கெட் ஸ்டாப் எறங்கு" என்று கத்தினார். சம்பந்தம் பேச வந்தவர்கள், வீடு ராக்கெட்டுக்குக் கிழக்கா மேற்கா என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பங்குச்சாமியார் ஞாயிறு மன்றாட்டில் மழைக்கும் வலை நிறைகிற மீன்பாட்டுக்கும் நடுவில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். தொடுவானத்தில் வெள்ளைக்காரக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றபோது, அவற்றைச் சுற்றி நாலு வள்ளம் வலை போட்டது, கப்பல் நிழலில் மீன் அண்டும் என்பதால்.

ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க பிரகாசி குடத்தோடு வந்தாள். ஊர் தூங்குகிற வெயில் நேரமாகப் பார்த்துத்தான் வருவாள், அன்றைக்கு ஆள் இருந்தது. ஒருத்தி அவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். குடம் உருண்ட சத்தத்துக்கு வீட்டு வாசலில் நின்றிருந்த செசிலி, "எம்மா" என்று அழுதாள். மேலே கட்டிலை நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டது, எல்லோர் கண் முன்னாலும் அது ஒரு சாண் கீழே இறங்கியது. தள்ளியவளே ஓடிப்போய்க் குடத்தை எடுத்து, கழுவி, நிறைத்து, பிரகாசியின் இடுப்பில் வைத்து, "பாத்துப் போங்க மைனி" என்றாள். மேலே அது இறங்குவதை நிறுத்திக்கொண்டது.

மெல்கியோரின் கோபத்துக்குத்தான் அது இறங்குகிறது என்று ஊர் முடிவு கட்டியது. பிள்ளை அழுததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அழுவது ஊருக்குப் பழகிப்போன சத்தம். மெல்கியோருமே அப்படித்தான் நினைத்தான். அன்று சாயங்காலமே கடைக்காரர் அரிசியும் பருப்பும் தாமே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். ஐஸ் வந்தது. டீசல் வந்தது. ஆனால் மெல்கியோர் கடலுக்குப் போகவில்லை. தான் அந்தப் பக்கம் போனால் அதுவும் எங்காவது போய்விடும், போன நிமிஷம் ஊர் தன்னைக் கிழித்துவிடும் என்று அவனுக்குப் பயம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து ராக்கெட்டின் நேர்கீழே வாசலில் போட்டு உட்கார்ந்தான். அதிலேயே சாப்பிட்டான், அதிலேயே தூங்கினான், அதிலிருந்தே ஊரை ஆண்டான்.

சகலை தொபியாஸ் தினமும் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றான், வந்தார். தன் வள்ளத்துக்குக் கமிட்டிக்காரர்கள்தான் சாயம் அடிக்க வேண்டும் என்றான், அடித்தார்கள். கன்னியர் மடத்து சிஸ்டர் வீட்டுக்கே வந்து, முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்காகச் செசிலிக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான், பாவம் அந்த சிஸ்டர், மேலே பார்க்காமல் வந்து, மேலே பார்க்காமல் கடவுளின் பத்துக் கற்பனைகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அவனை நீங்க வாங்க என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், யாரும் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடிக்கவில்லை. முன்னால் ஊர் அவனோடு பேசாமல் இருந்தது. இப்போது பேசியது, துப்பாக்கி வைத்திருக்கிறவனோடு பேசுகிற பேச்சு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் பிரகாசி சொல்லியிருப்பாள், ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

"இனிமே நீ ஒந் தங்கச்சிட்ட தாராளமாப் பேசலாம்" என்று தொபியாஸ் சலேத்துவிடம் சொன்னார். "ஆனா இனிப்பாப் பேசு, கோவம் வரும்படியா எதுவும் சொல்லிறாத."

"பயந்துகிட்டு இனிப்பாப் பேசுறதுக்கு எனக்கு ஒரு தங்கச்சி வேண்டாம்" என்றாள் சலேத்து. "எனக்குக் கோழி போதும். அதத்தான் திட்ட முடியும்."

மெல்கியோரின் கடைசி உத்தரவுதான் எல்லாவற்றிலும் கேடானது. ஊர்ப் பிள்ளைகள் தினமும் தன் வீட்டு வாசல் மணலில் வந்து செசிலியோடு விளையாட வேண்டும் என்றான். தாய்மார்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். அனுப்பும்போது ஒவ்வொருத்தியும் காதில் சொல்லி அனுப்பினாள்: அந்தப் பிள்ளைய மட்டும் தோக்க விட்டுறாதீங்க.

விளையாட்டு நொண்டி. மணலில் ஒரு கட்டம் கீறி, எல்லோரும் உள்ளே நிற்க, ஒருத்தர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து தொட வேண்டும். தொடப்பட்டவர்கள் அவுட், கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். முதல் நாள் செசிலி கட்டத்துக்குள் பறந்து பறந்து ஓடினாள், அவளைத் தொட முடியவில்லை, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது நாளும் தொட முடியவில்லை. அப்புறம் அவள் வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பார்த்தாள், நொண்டி வந்த பையன் தானும் மெதுவானான். அவள் நின்றாள், அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். வெளியே அவுட்டான பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, தோளில் தோள் இடிக்க, கடலை உடைத்துத் தின்றுகொண்டு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செசிலி கட்டத்துக்கு நடுவில் தனியாக நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, நான் எப்பம்மா அவுட் ஆவேன்?" என்று அவள் உள்ளே வந்து கேட்டாள். பிரகாசி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். பிள்ளை அழுதுகொண்டே தூங்கிப்போனது, மேலே கட்டில் நகர்ந்தது. ஊர் பதறிப்போய் மெல்கியோருக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தது.

இதற்கிடையில் உலகமும் வந்துவிட்டது. கோட்டு போட்டவர்கள் வந்தார்கள், கருவிகள் வந்தன, கல்யாண மண்டபத்தில் வட்டமேஜை போட்டு இருபது மொழிகளில் பேசினார்கள். தட்டுவதா, தூக்குவதா, கெஞ்சுவதா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பதா என்று முடிவாகவில்லை. சாத்துன நாட்டு ரேடியோ, எல்லாம் தங்கள் திட்டப்படியே நடக்கிறது என்றும், நிற்கச் சொன்ன இடத்தில்தான் அது நிற்கிறது என்றும் தினமும் அறிவித்தது. கடைசியில் அந்த நாட்டிலிருந்தே ஒருவர் வந்தார். ஒடிசலான மனிதர், கழுத்து வரை பித்தான் போட்ட சட்டை. அவரைக் கண்டதும் மண்டபத்தில் எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். செசிலி பார்த்திருந்தால் அந்தத் தள்ளலை அடையாளம் கண்டிருப்பாள்.

அவர் நேரே மெல்கியோர் வீட்டுக்கு வந்தார், மொழிபெயர்க்க ஒரு பெண் கூட வந்தாள். சாப்பாட்டு நேரமாக இருந்ததால் பிரகாசி தட்டில் சோற்றைப் போட்டு ஊளிமீன் குழம்பை ஊற்றினாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாப்பிட்டார், இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார், கை கழுவும்போது அழுதார்.

"இதை எப்படி எறக்குறதுன்னு கேளும்மா" என்றான் மெல்கியோர். அவனுக்கும் உள்ளுக்குள் களைத்துப்போயிருந்தது.

அவர் சொன்னதை அந்தப் பெண் சொன்னாள்: "அவங்களுக்கும் தெரியாதாம். இந்த மாதிரிக் குண்டு அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னால அவங்க வாசலுக்கு யாருமே வந்ததில்லையாம். வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் வர்றாங்களாம், ஆனா யாரும் உக்காந்து சாப்பிடுறதில்லையாம்."

மெல்கியோர் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மனிதர் செசிலியைக் கூப்பிட்டு வயதைக் கேட்டார், தனக்கும் இந்த வயதில் ஒரு மகள் உண்டு என்றார். அவள் தோளைப் பிடித்து மெதுவாக அடுக்களைப் பக்கமாக நாலடி நகர்த்தினார், மேலே பார்த்தார். அது ஒரு மயிரிழை அடுக்களைப் பக்கம் நகர்ந்ததை அவர் மட்டும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சொல்லாமல் போனதற்கு அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது, அவர் ஊரில் எதையும் சொல்லிப் பழக்கம் இல்லை.

புதுநன்மை நாள் வந்தது. பிரகாசிக்கு அந்த வருஷம் முழுவதும் வேறு ஆசையே இல்லை: தன் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, வெள்ளைக் கவுன் போட்டு, கையில் மெழுகுவத்தி பிடித்து, ஒரே ஒருநாள் வரிசையில் ஒருத்தியாக இருக்க வேண்டும். சலேத்துதான் செசிலிக்கு ஞானத்தாய். பிள்ளையின் மெழுகுவத்தியை ஞானத்தாய்தான் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். கவுனும் அவள்தான் தைத்தாள். "ஏ கோழி, இந்தக் கவுனு சுவத்துல காயுது, காத்துல அந்தப் பக்கம் விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு, காற்றே இல்லாத அந்தக் காலையில் அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள் பிரகாசி புருஷனிடம். "அது ஒங்க மேலதான நிக்குது. நீங்க இங்கனயே இருந்திட்டா அதுவும் இங்கனயே இருக்கும். பிள்ள இன்னைக்கி ஒருநா அது இல்லாம கோயிலுக்குப் போயிட்டு வரட்டும். ஒங்க கால்ல விழுதேன்."

மெல்கியோர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் அசைய மாட்டேன். நீ கூட்டிட்டுப் போ" என்றான். அந்தக் கோபக்காரன் வாழ்க்கையில் மகளுக்காக முழு மனசோடு செய்த முதல் காரியம் அதுதான், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அம்மாவும் மகளும் தெருவில் நடந்தார்கள். நல்ல உச்சி வெயில். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பிரகாசிக்குத் தலை சுடவில்லை என்பது உறைத்தது. அவள் நின்றாள். செசிலி கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நிழல் பிரகாசியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு போனது. அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூரைக்கு மேலே வெறும் வானம். அதன் கீழே நாற்காலியிலிருந்து மெல்கியோர் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அப்பன் மேல் நிற்கிறது என்று உலகம் முழுக்க நினைத்தது, முதல் நாளிலிருந்தே மகள் மேல்தான் நின்றிருக்கிறது.

கோயில் வாசலில் வெள்ளைக் கவுன்களும் வெள்ளைச் சட்டைகளுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நிழல் முதல் பிள்ளையின் காலைத் தொட்டதும் யாரோ அலறினார்கள். மணி அடித்துக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டார். வரிசை உடைந்தது, பிள்ளைகள் மெழுகுவத்தியைப் போட்டுவிட்டு மணலில் நாலா பக்கமும் ஓடினார்கள். செசிலி அப்படியே நின்று பார்த்தாள். எல்லோரும் தன்னைப் பார்த்து ஓடுகிறார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. கவுனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள்.

"நாந்தான் நொண்டி!" என்று கத்தினாள். "ஏ, இன்னைக்கி நாந்தான் நொண்டி!"

அவள் ஒற்றைக் காலில், கலகலவென்று சிரித்துக்கொண்டு, அவர்களைத் தொட வந்தாள். அவள் சிரித்தபோது அது இறங்கவில்லை. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். "அங்கயே நில்லு! பிள்ளய அங்கயே நிறுத்து!" என்று தொபியாஸ் குரல் உடையக் கத்தினார். ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "கிட்ட வந்துறாத தாயீ" என்று செசிலியிடம் கெஞ்சினாள். செசிலிக்கு அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று விளங்கியது. தூக்கிய காலைக் கீழே வைத்தாள். உதடு கோணியது. மேலே கட்டில் நகர்ந்தது, ஒரு சாண், ஒரு முழம், ஒரு பனை, கோயில் கொடிமரத்தின் உயரத்துக்கு வந்துவிட்டது.

வெறிச்சோடிய மணலில் சலேத்து மட்டும் வந்தாள். கையில் ஞானத்தாயின் தீப்பெட்டி இருந்தது. மேலே பார்க்காமல் நேரே பிள்ளைக்கு எதிரே வந்து நின்று, "என்னட்டி நின்னுட்ட? நான் ஒருத்தி கட்டத்துக்குள்ளதான நிக்கேன், கண்ணு தெரியல ஒனக்கு?" என்று வாயாரத் திட்டினாள். ஊர் பேச்சை நிறுத்தியதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் திட்டியதே இல்லை.

செசிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி காலைத் தூக்கி, ரெண்டு எட்டு நொண்டி, பெரியம்மாவின் கையைத் தொட்டாள்.

"தொட்டுட்ட. நான் அவுட்டு" என்று சொல்லி சலேத்து மணலில் உட்கார்ந்தாள். பிள்ளையும் பக்கத்தில், தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தது. சலேத்து மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுத்தாள். மேலே மறுபடி சத்தம் கேட்டது, அது ஒரு சாண் ஏறியது. தூரத்தில் நின்ற ஊர் பார்த்தது, பைனாகுலர் வைத்துக் கப்பல்காரர்களும் பார்த்தார்கள். அது ஏறியது அன்றைக்குத்தான்.

பார்த்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். சலேத்து மண்டபத்துக்கே போய் வட்டமேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளயோட ஒழுங்கா வெளாடுங்க. தொடுங்க, தொட விடுங்க, சண்ட போடுங்க, தோக்கடிங்க. அது தன்னால ஏறிப் போயிரும்."

"ஒரு தடவ ஏறிச்சின்னு எப்பவும் ஏறுமா?" என்றார் தொபியாஸ். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "எல்லா வீட்டுலயும் பிள்ள இருக்கு சலேத்து. யாரு பிள்ளய மொதல்ல அனுப்புறது, சொல்லு." கோட்டு போட்டவர்களுக்கும் அதே கவலைதான். ஒரு சாண் ஏறியதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தின் பாதுகாப்பை ஒரு நொண்டி விளையாட்டின் மேல் வைக்க எந்த நாடும் ஒப்புக்கொள்ளாது என்றார்கள். இத்தனை நாளும் ஒத்துப்போகாத ஊர்க் கமிட்டியும் உலகமும் அன்று முதல் தடவையாக ஒத்துப்போயின. பிள்ளை கரையில் இருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் மெல்கியோர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு குருசடிக்கு வந்தான். அவன் தலைக்கு மேல் ஒன்றுமில்லை, அவனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. மணலில் முழங்கால் போட்டு, "ஊர் பொறுக்கணும்" என்றான். நின்றவர்கள் எல்லோரும் ஒரே வாயாக, "பொறுத்தோம்" என்றார்கள். நிறையப் பேர் அழுதார்கள். தொபியாஸ் அவனைத் தூக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எம் பிள்ளையையும் பொறுங்க சகல" என்றான் மெல்கியோர்.

தொபியாஸ் கட்டிப்பிடித்த கையை எடுத்துக்கொண்டார். அப்பன் முழங்கால் போட்டான், ஊர் பொறுத்தது. பிள்ளையைப் பொறுப்பதற்கு ஊரில் வழக்கம் இல்லை. ஏனென்றால் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை.

அவர்கள் வள்ளத்தைத் தள்ளினார்கள். கமிட்டி அடித்த சாயம் புதிதாக மின்னியது. மெல்கியோர் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தான், பிரகாசி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள், செசிலி வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் கவுனோடு நின்று கரையைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் போகப் போக அதுவும் மேலே கூடவே போனது. ஊரின் மேல் அத்தனை நாள் விழுந்த நிழல் விலகி, வெயில் எல்லா வீட்டுக் கூரையிலும் ஒன்றுபோல விழுந்தது. கப்பல்கள் நகர்ந்து வழிவிட்டன, ரொம்ப அகலமாகவே வழிவிட்டன. கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள்.

இப்போதும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் அந்த வள்ளத்தைப் பார்க்கிறார்கள். தூரத்தில் வானத்தில் ஒரு ஊசி போல அது தெரியும், உடனே சுக்கானைத் திருப்பிவிடுவார்கள். மனசு கேட்காதவர்கள் தண்ணீர் கேனையும் அரிசியையும் மிதக்கவிட்டு வருவார்கள். காற்று வாட்டமாக இருந்தால் பிள்ளையின் குரல் கேட்கும் என்கிறார்கள். அணியத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு வள்ளத்திடமும் அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறதாம்: "ஏ அண்ணாச்சி, என்னத் தொடுறியளா? நான் ஓட மாட்டேன்."

இதைக் கேட்ட அன்று சலேத்து கோழியைக் கூண்டில் அடைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். அந்தக் கரையில் பெண்கள் கடலில் இறங்குவதில்லை. ஏலம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் வீட்டம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நரைத்த தலையோடு, ஒரு காலைத் தூக்கி, அந்த வள்ளம் போன திசையைப் பார்த்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அலைக்குள் போனாள். ஏலக்காரர் விலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராக்கெட் வந்தபோதுகூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. அலை அவளைப் புரட்டிக் கரையில் கொண்டுவந்து போட்டது. அவள் எழுந்தாள், சேலையைப் பிழிந்தாள், மறுபடி காலைத் தூக்கினாள்.